சகோதர இழைகளைக் கட்டும் வளையம்

ஒரு கூடை நிறையச் செப்புச் சாமான்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 46 வகை, வகைக்கு இரண்டு. இரண்டு குடங்கள், இரண்டு சட்டிகள், இரண்டு அடுப்புகள் என்று எல்லாம் இரண்டிரண்டு. இவற்றை இரண்டு சிறுமிகளுக்குப் பங்கிட வேண்டும். ஆளுக்கு 46 சாமான்கள் கிடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வகையிலும் ஒன்று கிடைத்தாக வேண்டும். ஒருத்திக்கு இரண்டு குடமும் மற்றவளுக்குக் குடமே இல்லாமலும் போனால் வீடு இரண்டுபடும்! இதில் இன்னும் ஒரு நிபந்தனை உண்டு. அறையில் விளக்கு இல்லை. பங்கிடுபவருக்குக் கண்ணும் தெரியாது.

கைக்கு வந்ததை இப்பக்கமும் அப்பக்கமுமாக வீசினால் பங்கு சரியாக அமைவதற்கு உள்ள வாய்ப்பு ஏறத்தாழ 70 இலட்சம் கோடியில் ஒன்று. ஆனால் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. சாமான்கள் செய்யப்படும்போதே ஒரே வகையைச் சேர்ந்த இரண்டையும் ஒரு நூலால் கட்டி வைத்துவிட வேண்டும். பிறகு இருட்டில் கூடப் பங்கிடலாம். கட்டுண்ட ஒரு ஜோடியை எடுக்க வேண்டியது. ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் பிடித்து இழுக்க வேண்டியது. கயிறு விறைப்பாக நின்றால் இரு கைகளிலும் ஒவ்வொன்று இருக்கிறது என்று பொருள். பிறகு நூலை அறுத்துவிட வேண்டியதுதான்.

நமது உடலில் உள்ள ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது செய்வது இதையேதான். மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. பிரிவதற்கு முன்பு ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்கிறது. இவ்வாறு உண்டான இரண்டையும் சகோதரக் குரோமாட்டிடுகள் என்பர். சேய்ச் செல்கள் இரண்டிற்கும் இவை ஒவ்வொன்றாகப் போய்ச் சேர வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 30,000 கோடிக்கும் மேற்பட்ட புதிய செல்கள் உண்டாகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். இத்தனை முறையும் பங்கீடு பெரும்பாலும் பிழையின்றி நடைபெறுகிறது. அப்படியானால் செல்லுக்குள் நூல் எது? அதைக் கட்டுவது எப்போது? அறுப்பது யார்?

இழுபறியின் பயன்

ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் ஃபிளமிங், சலமாண்டரின் இளம் உயிரிகளில் செல்கள் பிரிவதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1882-ல் ஒரு நூல் வெளியிட்டார். சாயமேற்றப்பட்ட இழைகள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பதையும், பின்னர் அந்தப் பாதிகள் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு விலகிச் செல்வதையும் அவர் தெளிவாக வரைந்து காட்டினார். மைட்டாசிஸ் என்ற சொல்லும் அவர் தந்ததே. இழைகளுக்குக் குரோமோசோம் என்ற பெயர் 1888-ல்தான் வந்தது.

பிளந்த பாதிகள் உடனே விலகிவிடுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இழைகள் இரட்டிப்பான பிறகு பல மணி நேரம் அவை பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இதற்கிடையே செல்லின் இரு துருவங்களிலிருந்தும் கதிர்கோல் இழைகள் எனப்படும் நுண்குழல்கள் நீண்டு வளர்ந்து வந்து, குரோமாட்டிடின் இடைப் பகுதியான சென்ட்ரோமியரைப் பற்றுகின்றன. ஒரு குரோமாட்டிடை வட துருவத்து இழைகளும், அதன் சகோதரியைத் தென் துருவத்து இழைகளும் பற்றினால் சரி. இரண்டையும் ஒரே துருவத்து இழைகள் பற்றிவிட்டால் தவறு. சரியா, தவறா என்று செல் எப்படிக் கண்டுகொள்கிறது?

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். செல் இங்கே பயன்படுத்தும் அளவுகோல் இழுவிசை. கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிகளும் எதிரெதிராக இழுத்தால்தான் கயிறு விறைக்கும். இரு அணிகளும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் கயிறு துவண்டுதான் கிடக்கும். சகோதரிகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதால், எதிரெதிர்த் துருவங்களிலிருந்து இழுக்கப்படும்போது மட்டுமே சென்ட்ரோமியரில் விறைப்பு ஏற்படுகிறது. விறைப்பு இல்லாத பிடியை அரோரா-பி என்ற என்சைம் தளர்த்திவிடுகிறது. இழைகள் விலகி மீண்டும் பற்றுகின்றன. சரியான பிடி கிடைக்கும் வரை இந்த முயற்சி தொடர்கிறது. விறைப்பான பிடி மட்டும் நிலைத்துவிடுகிறது. கட்டு என்ற ஒன்று இல்லையேல் விறைப்பும் இல்லை. விறைப்பு இல்லையேல் சரி, தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸ் என்பவர் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் குரோமோசோமைத் தொட்டு இழுத்துப் பார்த்தார். தவறாகப் பற்றப்பட்ட வெட்டுக்கிளிக் குரோமோசோமை ஊசியால் இழுத்து விறைப்பு உண்டாக்கியபோது அந்தத் தவறான பிடியே நிலைத்து நின்றது! 1995-ல் அவரும் லீ என்பவரும் கும்பிடுபூச்சியின் செல்களில் மற்றொரு சோதனை செய்தனர். அச்செல்களில் சிலவற்றில் ஓர் எக்ஸ் குரோமோசோம் துணையின்றித் தனித்து நிற்பதுண்டு. அதை ஒரு பக்கம் மட்டுமே இழுப்பதால் விறைப்பு இராது. செல் பிரிவதை மணிக்கணக்கில் தள்ளிப் போடும். அந்தக் குரோமோசோமை மறுபக்கம் ஊசியால் இழுத்துப் பிடித்தபோது செல் ஏமாந்து, பிரியத் தொடங்கிவிட்டது.

விசை எவ்வளவு என்பதையும் நிக்லஸ் 1983-ல் அளந்தார். ஊசி எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு விசையைக் கணக்கிடுவது, பள்ளிச் சோதனைச்சாலையில் சுருள்வில்லின் நீட்சியைக் கொண்டு எடையை அளப்பது போன்றதே. நகரும் குரோமோசோமை நிறுத்தத் தேவைப்பட்ட விசை சுமார் 700 பிக்கோநியூட்டன். ஒரு பிக்கோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. எனவே 700 பிக்கோநியூட்டன் என்பது ஒரு மில்லிகிராம் எடையில் ஏறத்தாழ 14,000-ல் ஒரு பங்கு. அற்பம் என்று தோன்றும். ஆனால் ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குரோமோசோமை ஒரு மைக்ரான் ஆரமுள்ள கோளம் என்று கொள்வோம். அது நிமிடத்திற்கு ஒரு மைக்ரான் வேகத்தில் நகர்கிறது. செல்லின் உட்பொருளின் பாகுநிலை தண்ணீரைப் போல் 300 மடங்கு என்று எடுத்துக்கொண்டாலும், நகர்வதற்குத் தேவையான விசை 0.1 பிக்கோநியூட்டன்தான் வருகிறது. தேவையைப் போல் பல்லாயிரம் மடங்கு இழுக்கும் திறன் கதிர்கோலுக்கு உண்டு என்றாகிறது. சகோதரிகளைக் கட்டும் கட்டு, இத்தகைய இழுவையைத் தாங்க வேண்டும். அதே சமயம், வேளை வந்ததும் நொடிப் பொழுதில் அறுந்து போகவும் வேண்டும்.

நூல் எது?

டி.என்.ஏ. இழைகளே ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சிக்கலாகக் கிடப்பதுதான் கட்டு என்று முதலில் நினைத்தார்கள். இரட்டிப்பின்போது புதிய இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்வது உண்மையே. ஆகவே 1980-களில் இக்கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. ஆனால் 1987-ல் கோஷ்லண்ட், ஹார்ட்வெல் இருவரும் ஈஸ்ட் செல்களில் சிறிய, வட்டமான செயற்கைக் குரோமோசோம்களைப் புகுத்தி ஆராய்ந்தனர். பிரியும் தறுவாயில் நிறுத்தப்பட்ட செல்களில் அவ்வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கவில்லை. சிக்கல் அவிழ்ந்த பிறகும் ஏதோ ஒன்று சகோதரிகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது.

அந்த ஏதோ ஒன்று 1997-ல் அகப்பட்டது. வியன்னாவில் கிம் நாஸ்மித்தின் குழுவும், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கோஷ்லண்டின் குழுவும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. இரு கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. வியன்னாக் குழுவினர் கையாண்ட முறை சுவையானது. ஈஸ்ட்டின் குரோமோசோம் ஒன்றில் பச்சையாக ஒளிரும் புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். சகோதரிகள் சேர்ந்திருந்தால் நுண்ணோக்கியில் ஒரே பச்சைப் புள்ளி. பிரிந்துவிட்டால் இரண்டு புள்ளிகள். வேளை வரும் முன்பே இரண்டு புள்ளிகள் தெரியும் பழுதுபட்ட ஈஸ்ட்டுகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் எந்த ஜீன் பழுதாகியுள்ளது என்று ஆராய்ந்தனர். பழுதான ஜீன்கள் உண்டாக்கும் புரதங்கள் கூட்டாகச் சேர்ந்து வேலை செய்பவை என்று தெரிய வந்தது. அந்தப் புரதத் தொகுதிக்குக் கொஹீசின் என்று பெயர்.

இப்பெயரைக் கேட்டதும் இயற்பியல் மாணவருக்கு ஓரினக் கவர்ச்சி நினைவுக்கு வரும். பாதரசத் துளி உருண்டு திரள்வதும், நீர்த்துளி சிதறாமல் நிற்பதும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்வதால். கொஹீசினும் பசை போலவே ஒட்டுகிறது என்றுதான் பலர் எண்ணினர். ஆனால் அதன் வடிவம் தெரிந்ததும் கதை மாறியது.

வளையம்

கொஹீசினில் முக்கியமான புரதங்கள் நான்கு. எஸ்.எம்.சி-1, எஸ்.எம்.சி-3 என்ற இரண்டும் மிக நீண்டவை. ஒவ்வொன்றும் பாதியில் மடங்கி, முறுக்கிய கயிறு போன்ற ஒரு கையாகிறது. இரு கைகளும் ஒரு முனையில் கீல் போட்டாற்போல் இணைகின்றன. மறுமுனைகள் விரிந்து நிற்கின்றன; மொத்தத்தில் விரித்த இடுக்கியின் தோற்றம். மூன்றாவது புரதமான எஸ்.சி.சி-1, இடுக்கியின் இரு நுனிகளையும் இணைத்து வாயை மூடிவிடுகிறது. நான்காவது இந்த மூன்றாவதன் மேல் அமர்ந்திருக்கிறது. ஆக, கிடைப்பது ஒரு மூடிய வளையம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 40 நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் தடிப்போ 2 நானோமீட்டர்தான். வளையத்துக்குள் இரண்டு இழைகள் தாராளமாக நுழையும். வளையம் இழைகளை ஒட்டுவதில்லை, உள்ளே கோத்து வைத்துக்கொள்கிறது என்று நாஸ்மித் குழுவினர் கூறினர்.

அளவுகளை மனத்தில் பதிய வைக்க எல்லாவற்றையும் 15 இலட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். கொஹீசின் வளையம் 6 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கைவளையல் ஆகிவிடும். டி.என்.ஏ., துணி உலர்த்தும் கொடிக்கயிறு போல 3 மில்லிமீட்டர் தடிப்புடையதாகும். மனிதக் குரோமோசோம்களில் மிகச் சிறியதான 21-ஆம் குரோமோசோமின் டி.என்.ஏ.யை நீட்டினால் உண்மையில் 1.6 சென்டிமீட்டர் இருக்கும்; பெரிதாக்கிய கணக்கில் அது 24 கிலோமீட்டர் நீளக் கயிறு! இரட்டித்த பின் அத்தகைய கயிறுகள் இரண்டு. அவை நெடுகிலும் ஆங்காங்கே வளையல்கள் கோக்கப்பட்டுள்ளன. ஒரு செல்லில் உள்ள 46 குரோமோசோம்களின் கயிறுகளையும் சேர்த்தால் 3,000 கிலோமீட்டர். குமரிமுனையில் தொடங்கி டில்லியைத் தாண்டிவிடும். இவ்வளவும் 10 மீட்டர் அகலமுள்ள ஒரு கூடத்துக்குள் அடைந்து கிடக்கின்றன.

வளையக் கருத்தைச் சோதிக்க 2008-ல் ஓர் அழகான பரிசோதனை நடந்தது. ஈஸ்ட்டில் சிறு வட்ட டி.என்.ஏ.க்களைச் சகோதரிகளாக உண்டாக்கி, அவற்றைக் கோத்திருக்கும் கொஹீசினின் மூன்று இணைப்புகளையும் பிரிய முடியாதபடி இறுக்கினர். பிறகு புரதங்களின் உருவையே குலைத்துவிடும் சோப்புப் பொருளோடு சேர்த்துச் சூடாக்கினர். வெறும் ஒட்டுதலாக இருந்தால் இந்நிலையில் எல்லாம் உதிர்ந்து போயிருக்கும். ஆனால் இரு வட்டங்களும் சேர்ந்தே இருந்தன. சூடாக்கினாலும் சாவிக்கொத்தின் வளையத்திலிருந்து சாவி கழன்று விடுமா? வளையம் ஒன்றா, அல்லது கைவிலங்கு போல் பிணைந்த இரண்டா என்று சில காலம் வாதம் நடந்தது. ஒன்று என்பதையே இன்று பலரும் ஏற்கின்றனர்.

இந்தக் கோப்பு எப்போது நடைபெறுகிறது? டி.என்.ஏ. இரட்டிக்கும்போதே நடந்தாக வேண்டும். பிறகு கொஹீசின் எவ்வளவு கிடைத்தாலும் பயன் இல்லை என்று 1998-ல் காட்டப்பட்டது. காரணத்தை ஊகிப்பது எளிது. உண்டாகும் அந்தக் கணத்தில் மட்டுமே இது இதன் சகோதரி என்பதில் ஐயம் இல்லை. கூடையில் கலந்த பிறகு யார் யாருக்குச் சகோதரி என்று எந்தப் புரதத்தால் கண்டுபிடிக்க முடியும்? அச்சமயத்தில் வேறொரு என்சைம் எஸ்.எம்.சி-3-ன் மேல் சிறிய அசிட்டைல் முத்திரை ஒன்றைக் குத்துகிறது. வளையத்தின் வாயைத் திறந்து அதை இழையிலிருந்து கழற்றிவிடும் வேப்பிள் என்ற புரதமும் செல்லில் உண்டு. முத்திரை பெற்ற வளையத்திடம் வேப்பிளின் கை எளிதில் ஓங்குவதில்லை.

கத்தரிக்கோலும் அதன் உறையும்

46 ஜோடிகளும் செல்லின் நடுவே வரிசையாக நின்று இரு பக்கமும் இழுபடுகின்றன. திடீரென்று, ஏறக்குறைய ஒரே சமயத்தில், எல்லா ஜோடிகளும் பிரிகின்றன. 1999-ல் உல்மான், நாஸ்மித் முதலியோர் இதன் இரகசியத்தை வெளியிட்டனர். செபரேஸ் என்ற என்சைம் வளையத்தின் மூன்றாவது புரதமான எஸ்.சி.சி-1-ஐத் துண்டிக்கிறது. வளையல் உடைந்தது, கயிறுகள் விலகின.

ஆனால் ஐயப்படுவோர் கேட்கக்கூடும்: செபரேஸ் வேறு ஏதேனும் வேலையும் செய்திருக்கலாம் அல்லவா? வளையம் உடைவது ஒன்றே பிரிவதற்குப் போதும் என்று எப்படிச் சொல்வது? இதற்கு 2000-ஆம் ஆண்டில் அக்குழுவினர் கொடுத்த விடை, சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லத் தக்கது. புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸிடம் ஒரு கத்தரி என்சைம் இருக்கிறது. அது குறிப்பிட்ட ஓர் அமினோ அமில வரிசையைக் கண்டால் மட்டுமே வெட்டும். அந்த வரிசையை ஈஸ்ட்டின் எஸ்.சி.சி-1-க்குள் புகுத்தினர். செல்லின் சொந்த ஏற்பாடுகளை முடக்கி, பிரியும் தறுவாயில் அதை நிறுத்தி வைத்தனர். பிறகு காலக்டோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்து வைரஸின் என்சைமை மட்டும் உண்டாக வைத்தனர். ஈஸ்ட்டுக்கும் புகையிலை வைரஸுக்கும் யாதொரு உறவும் இல்லை. ஆயினும் வளையங்கள் வெட்டுப்பட்டதும் குரோமோசோம்கள் பிரிந்து துருவங்களை நோக்கி நகர்ந்துவிட்டன!

இவ்வளவு கூரான கத்தரிக்கோலைத் திறந்து போட்டு வைக்கலாமா? பிரியும் வேளை வரும் வரை செபரேஸின் மேல் செக்யூரின் என்ற புரதம் உறை போல மூடிக் கிடக்கிறது. சென்ட்ரோமியர்களில் ஒன்றே ஒன்று இன்னும் கதிர்கோல் இழையால் பற்றப்படாமல் இருந்தாலும் அங்கிருந்து பொறு என்ற சைகை பரவிக்கொண்டே இருக்கும். 91 சரியாக இருந்து ஒன்று மட்டும் சரியில்லை என்றாலும் செல் காத்திருக்கும். நம் ஊர்ப் பேருந்துகளில் கடைசிப் பயணி படியில் கால் வைப்பதற்குள் விசில் ஊதப்படுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொறுமை நினைவுக்கு வருவதுண்டு. கடைசிப் பிடியும் விழுந்ததும் சைகை நிற்கிறது. ஏ.பி.சி. எனப்படும் பெரிய புரதத் தொகுதி விழித்தெழுந்து, செக்யூரினை அழிக்கும்படி அடையாளம் இடுகிறது. உறை அழிகிறது, கத்தரிக்கோல் வேலையைத் தொடங்குகிறது.

பாடநூல்களில் குரோமோசோமை எக்ஸ் எழுத்துப் போல வரைந்திருப்பார்கள். அந்த வடிவத்தின் காரணமும் இங்கே விளங்குகிறது. நம்மைப் போன்ற உயிர்களில் செல் பிரியத் தொடங்கியதும் கைப் பகுதிகளில் உள்ள வளையங்களில் பெரும்பாலானவற்றை வேப்பிள் வெட்டாமலே கழற்றிவிடுகிறது. சென்ட்ரோமியரில் உள்ளவை மட்டும் பாதுகாக்கப்பட்டுக் கடைசி வரை நிற்கின்றன. பிரியாதபடி செல்லை நெடுநேரம் நிறுத்தி வைத்தால் கைகள் நன்றாக விரிந்து, நடுப்பகுதி மட்டும் கட்டுண்டு, எக்ஸ் உருவம் தோன்றும். அவ்வாறு நிறுத்தி வைக்கப் பயன்படும் மருந்து கால்ச்சிசின். அது நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. பற்றுவதற்கு இழை இல்லாததால் பொறு என்ற சைகை நிற்பதே இல்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நச்சுப் பொருள் இதுவே. விதைக்காக அச்செடி இங்கே பயிரிடப்படுகிறது. மனிதக் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று 1956-ல் ட்ஜியோவும் லெவானும் உலகுக்கு அறிவித்தபோது அவர்களுக்குக் கைகொடுத்த பொருள்களில் கால்ச்சிசினும் ஒன்று.

கொஹீசினுக்கு வேறொரு வேலையும் உண்டு. ஏ.டி.பி.யின் ஆற்றலைச் செலவிட்டு அது டி.என்.ஏ.யை வளையத்தின் வழியே இழுத்து இழுத்துக் கண்ணி கண்ணியாக மடிக்கிறது. 2019-ல் சோதனைக்குழாயில் இதை நேரடியாகவே கண்டனர். இக்கண்ணிகள் ஜீன்கள் எப்போது இயங்குவது என்பதைப் பாதிக்கின்றன. ஆகவேதான் இனி ஒருபோதும் பிரியாத நரம்புச் செல்லிலும் கொஹீசின் இருக்கிறது. அதனைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நாற்பது ஆண்டுக் காத்திருப்பு

சாதாரணச் செல்லில் வளையங்கள் சில மணி நேரம் தாங்கினால் போதும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் அவை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியுள்ளது. அந்த இடம் பெண்ணின் கருமுட்டை.

கருமுட்டையும் விந்தணுவும் மியாசிஸ் என்ற குன்றல் பகுப்பினால் உண்டாகின்றன. இதில் குரோமோசோம்கள் ஒரு முறை இரட்டித்து, இரண்டு முறை பிரிகின்றன. முதல் முறை, தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த அதன் இணையும் பிரிய வேண்டும். சகோதரிகள் பிரியக் கூடாது. இரண்டாம் முறைதான் சகோதரிகள் பிரிய வேண்டும். ஆகவே முதல் முறை கைகளில் உள்ள வளையங்கள் மட்டும் வெட்டுப்பட வேண்டும். சென்ட்ரோமியரில் உள்ளவற்றைக் கத்தரிக்கோல் தீண்டக் கூடாது. இவ்வளையங்களைக் காக்கும் புரதம் ஒன்றை 2004-ல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழுவினர் கண்டு, ஷுகோஷின் என்று பெயரிட்டனர். ஜப்பானிய மொழியில் அதற்குக் காவல் தெய்வம் என்று பொருள். ஊர் எல்லையில் நிற்கும் நம் அய்யனார் போலத்தான். மியாசிஸில் எஸ்.சி.சி-1-க்குப் பதிலாக வளையத்தின் வாயை மூடுவது ரெக்-8 என்ற புரதம். அதன் மேல் பாஸ்பேட் ஏறினால்தான் செபரேஸால் அதை வெட்ட முடியும். ஷுகோஷின் அந்தப் பாஸ்பேட்டை நீக்கும் ஓர் என்சைமை உடன் அழைத்து வந்து சென்ட்ரோமியரில் நிறுத்திக்கொள்கிறது.

ஆண்களில் விந்தணுக்கள் பருவமடைந்த பின் தொடர்ந்து புதிது புதிதாக உண்டாகின்றன. பெண்களில் அப்படியன்று. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் மியாசிஸைத் தொடங்கிவிடுகின்றன. டி.என்.ஏ. இரட்டிக்கிறது, வளையங்கள் கோக்கப்படுகின்றன, இணைகள் கைகோக்கின்றன. அத்துடன் எல்லாம் நின்றுவிடுகிறது. பின்னர் ஒவ்வொரு மாதமும் பெரும்பாலும் ஒரு முட்டை மட்டும் உறக்கம் கலைந்து முதல் பிரிவை முடிக்கும். 20 வயதில் வெளிப்படும் முட்டையின் வளையங்களுக்கும் வயது 20. 40 வயதில் வெளிப்படும் முட்டையின் வளையங்களுக்கு வயது 40. அவ்வளையங்கள் கோக்கப்பட்டது பாட்டியின் கருப்பையில்.

இடையில் புதிய வளையங்கள் கோக்கப்படுகின்றனவா? 2010-ல் எலிகளில் இரு சோதனைகள் நடந்தன. ஒன்றில், எலி பிறந்த சில நாட்களில் அதன் கருமுட்டைகளில் கொஹீசின் உறுப்பு ஒன்றுக்கான ஜீனையே நீக்கினர். ஆயினும் முட்டைகளில் கட்டு கெடவில்லை. பழைய வளையங்களே போதுமானதாக இருந்தன. மற்றொன்றில் அதே புகையிலை வைரஸ் கத்தரியால் பழைய வளையங்களை வெட்டினர். பிறந்த பின் புதிதாக உண்டாக்கப்பட்ட, வெட்டுப்படாத வளையப் புரதத்தால் கட்டைக் காப்பாற்ற இயலவில்லை. ஆக, முன்னமே கோத்ததுதான் கடைசி வரை; இடையில் மாற்றுவார் இல்லை.

வயது முதிர்ந்த எலிகளின் முட்டைகளில் குரோமோசோம்களின் மேலுள்ள கொஹீசின் வெகுவாகக் குறைந்திருக்கிறது. காவல் தெய்வமான ஷுகோஷினும் குறைந்திருக்கிறது. கட்டுத் தளர்ந்தால் விறைப்புக் குறையும். பிடிகளின் சரி, தவறு தெரியாமல் போகும். ஒரு குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ போய்ச் சேரும். பெரும்பாலான இத்தகைய கருக்கள் தொடக்கத்திலேயே கலைந்துவிடுகின்றன. 21-ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்த குழந்தைகள் பிறந்து வளர்கின்றனர். இதுவே டவுன் நோய்க்குறியின் காரணம் என்று 1959-ல் பாரிஸில் லெஜூனும் அவரது தோழர்களும் காட்டினர். அத்தகைய குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாயின் வயது 20-ல் சுமார் 1,500-ல் ஒன்றாகவும், 35-ல் சுமார் 350-ல் ஒன்றாகவும், 40-ல் சுமார் 100-ல் ஒன்றாகவும் இருக்கிறது.

கிரகணத்தன்று வெளியே வந்தாள், இன்னதைத் தின்றாள், இன்னதைத் தின்னவில்லை என்று குழந்தையைப் பெற்றவளைக் குறை சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. மேற்சொன்ன கணக்கைப் பார்த்தால் அதில் பொருளே இல்லை என்பது தெரியும். கூடுதலான 21-ஆம் குரோமோசோம் பெரும்பாலும் முட்டையின் முதல் பிரிவிலேயே நேர்ந்துவிடுகிறது. அது கரு உண்டாவதற்கும் முன்னதாக நடந்து முடிந்த செயல். கர்ப்ப காலத்தில் அவள் எங்கே போனாள், என்ன உண்டாள் என்பவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எலியில் கண்டது மனிதருக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதை மருத்துவமனைகளில் செயற்கைக் கருத்தரிப்புக்காக எடுக்கப்பட்டு, பயன்படுத்தப்படாமல் தானமாகக் கிடைத்த முட்டைகளைக் கொண்டு ஆராய்கின்றனர். அவற்றிலும் பெண்ணின் வயது கூடக் கூடச் சகோதரச் சென்ட்ரோமியர்களுக்கு இடைப்பட்ட தூரம் அதிகமாகிறது. இளம் முட்டையில் ஒன்றாக ஒட்டி நின்று ஒரே துருவத்தை நோக்க வேண்டிய இரு சகோதரிகள், முதிர்ந்த முட்டையில் சற்று விலகி நிற்கின்றன. அந்த இடைவெளியில் எதிர்த் துருவத்து இழை புகுந்து ஒன்றைப் பற்றிக்கொள்கிறது.